ஒம் மக பேரு ரஷ்யாவுலயும் இருக்குடா

மாப்ள,

தங்கச்சி, ஸ்வேதா எல்லாரும் சௌக்கியமா? இங்க கடை ஓடுது, முட்டி வலி மட்டும் விட்ட பாடில்ல.

கூடங்குளம் ப்ளாண்ட்டுல வேல பாக்குற ரஷ்யாக்காரங்க நம்ம கடைக்கு வருவாங்கன்னு சொன்னேன்ல, போன வாரம் ஒரு அம்மா தக்காளி பொறுக்கிட்டு நிக்காங்க, வெளிய இருந்து வீட்டுக்காரர் கூப்பிடுதாரு பாரு, எங் காதுல "ஸ்வேதா"ன்னுதான் விழுந்துச்சு, ஒம் மக வந்துட்டாளோன்னு திரும்பிப் பாத்துட்டேன்! கேட்டா முழுப்பேரு ஸ்வெத்லானாவாம், சுருக்கி ஸ்வியேத்தா. ராத்திரி பூரா போன்ல நோண்டுனேன். ரஷ்யன்ல 'ஸ்வெத்'னா வெளிச்சம், சமஸ்கிருதத்துல ஸ்வேதம்னா வெள்ளை, ரெண்டுக்கும் ஒரே ஆதிவேர்தானாம்.

ஸ்வெத்லானாங்கறது ஆயிரம் வருஷத்துப் பேருன்னு நெனச்சேன், கெடையவே கெடையாது. 1802-ல வஸ்தோக்கவ்னு ஒரு கவிஞர் தன் கவிதைக்காக உண்டாக்குன பேரு. ஆனா ஊரெல்லாம் பரப்புனது ஜுகோவ்ஸ்கின்னு இன்னொரு கவிஞர் 1813-ல போட்ட கதைப்பாட்டு. ஜனவரிக் குளிர்ல திருநாளுக்கு முந்துன ராத்திரி, பொண்ணுங்க செருப்பக் கழட்டி வாசலுக்கு வெளிய எறிஞ்சு மாப்பிள்ளைக்குக் குறி பாக்காங்க, ஸ்வெத்லானா மட்டும் மெழுகுவர்த்தி ஏத்தி கண்ணாடி முன்னால உக்காந்து அப்படியே தூங்கிப்போறா, கனவுல அவ காதலன் சவப்பெட்டியில கெடக்கான், விடிஞ்சா ஆளு முழுசா வீட்டுக்கு வந்து நிக்கான்!

அப்ப புனிதர் பட்டியல்ல இல்லாத பேரு, அதனால அந்தக் காலத்துல சர்ச்சுல இந்தப் பேருக்கு ஞானஸ்நானம் குடுக்க மாட்டாங்களாம், ஃபோத்தினியான்னுதான் வைப்பாங்களாம், அதுவும் கிரேக்கத்துல வெளிச்சம்தான். நம்மூர்ல ஸ்கூல் பேரு வேற வீட்டுப் பேரு வேறம்பாங்கள்ல, அந்த மாதிரி. 1917 புரட்சிக்கப்புறம் சாமியார்கிட்ட கேக்க வேண்டியதில்ல, தெருவுக்குத் தெரு ஸ்வெத்லானா.

ஸ்டாலினும் 1926-ல தன் மகளுக்கு இதத்தான் வச்சாரு. அந்தம்மா கத தெரியுமா? கூட வாழ்ந்த பிரஜேஷ் சிங் அஸ்திய கங்கையில கரைக்க 1966 கடைசியில இந்தியா வந்தவங்க, உத்தரப் பிரதேசத்துல அவரு சொந்த ஊரு காலாகாங்கர்ல கொஞ்ச நாள் இருந்துட்டு 1967 மார்ச்ல டெல்லி அமெரிக்கன் எம்பசிக்குள்ள நொழஞ்சு, அப்புறம் சுவிட்சர்லாந்து வழியா அமெரிக்கா போய்ட்டாங்க. அங்க பேரு லானா பீட்டர்ஸ். வெளிச்சத்த வெட்டிட்டு வால மட்டும் வச்சுக்கிட்டாங்க, எனக்கு அது என்னமோ மாதிரி இருந்துச்சுடா.

பொங்கலுக்கு வரும்போது ஸ்வேதாவக் கூட்டிட்டு வா. அந்த ரஷ்யாக்கார அம்மாவும் கடையில நிக்கும்போது ஒரு சத்தம் குடுத்துப் பாக்கணும், யாரு மொதல்ல திரும்புறாங்கன்னு.