சன்னலுக்குக் கீழே இருக்கிறது ஆபத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

மியான்மரில் 2025 மார்ச் 28இல் நடந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, தூணைக் கனமாக்கினால் போதும் என்று பள்ளிக் கமிட்டிகள் நம்புவது தவறு. நிலநடுக்கத்தை உண்டாக்கும் சகாயிங் நிலப்பிளவு, ரங்கூனுக்கு வடகிழக்கே உள்ள பெகு நகரை ஒட்டியே ஓடுகிறது. 1930 நிலநடுக்கத்தில் அந்த ஊர் பட்ட பாடு தெரிந்ததே.

வகுப்பறைச் சன்னலுக்குக் கீழே, இரு தூண்களுக்கு நடுவில் அரைச்சுவரை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். தூணின் கீழ்ப்பாதி அசைய முடியாது. ஆட்டம் முழுவதும் சன்னல் உயரத்துக்குள் விழ, தூண் அங்கே சாய்வாட்டில் வெடிக்கிறது. சுவருக்கும் தூணுக்கும் இடையே 25 முதல் 40 மி.மீ. விட்டு, தெர்மோகோல் வைத்து அடைக்கலாம். அப்படிப் பிரித்த சுவர் தானாகச் சாயாதிருக்க உள்ளே செங்குத்துக் கம்பியும் தலையில் கான்கிரீட் பட்டையும் அவசியம்.

தூணின் இரு முனைகளிலும், நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி 10 செ.மீ.க்கு ஒன்று வேண்டும். வளையத்தின் முனைக் கொக்கியை 135 பாகைக்குத் தூணின் உட்புறமாக மடக்க வேண்டும். 90 பாகை மடக்குவது சுலபம் (கம்பி கட்டுவோர் விரும்புவதும் அதைத்தான்), ஆனால் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் வளையம் விரிந்துவிடும்.

மழைக்காலத்தில் மணலே ஈரம். கலவையில் ஊற்றும் தண்ணீரை அதற்கேற்பக் குறையுங்கள்.

கீழ்த்தளத்தைச் சுவரில்லா மண்டபமாக விடும் வரைபடம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
ரங்கூன்