டாப் விசை பற்றிய அத்தியாயம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் ரமணன்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம்; அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னா. பின்னேரமானால் மழை, காலி வீதி வழமைபோல நெரிசல். மகளின் சாதாரண தரப் பரீட்சைக்கு என் வாழ்த்தைச் சொல்லு. இனி நீ அனுப்பிய, உங்கள் எடிட்டருக்கான (நிரல் எழுதும் மென்பொருள்) கையேட்டின் டாப் விசை அத்தியாயத்துக்கு வருகிறேன்.

“டாப் அளவு 4” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய், வில்லங்கமே அதில்தான். கோப்பில் ஏற்கெனவே கிடக்கும் டாப் எழுத்தைத் திரையில் எப்படிக் காட்டுவது, விசையை அழுத்தினால் கோப்புக்குள் என்ன விழும், உள்தள்ளும் கட்டளை வரியை எவ்வளவு நகர்த்தும்: மூன்றும் வேறு வேறு. விம் என்ற எடிட்டரில் இவற்றுக்கான அமைப்புகளில் முதலாவது டாப்ஸ்டாப்; இரண்டாவதை சாஃப்ட்டாப்ஸ்டாப்பும் (ஒரு அழுத்தலுக்கு எத்தனை இடம்) எக்ஸ்பாண்ட்டாப்பும் (டாப்புக்குப் பதில் வெற்றிடம், அதாவது ஸ்பேஸ், போடுவது) சேர்ந்து தீர்மானிக்கும்; மூன்றாவது ஷிஃப்ட்விட்த். டாப்புக்கு நிலையான அகலம் இல்லை, அடுத்த நிறுத்தம் வரை நகரும் என்பதையும் எழுது. அளவு 8 என்றால், முன்னால் 2 எழுத்து இருக்கும்போது 6 இடம் பிடிக்கும். 7 இருந்தால் 1 இடம்தான்.

இவற்றைக் கலந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் கட்டாயம் வேண்டும். டாப்ஸ்டாப் 8, சாஃப்ட்டாப்ஸ்டாப்பும் ஷிஃப்ட்விட்தும் 4, எக்ஸ்பாண்ட்டாப் அணைந்திருக்கிறது. டாப் விசையை ஒருமுறை அழுத்தினால் 4 வெற்றிடம் விழும். இரண்டாம் முறை அழுத்தினால் அந்த 4 வெற்றிடமும் போய் ஒரு டாப் எழுத்து வந்து உட்காரும். திரையில் ஒழுங்காகத்தான் தெரியும். அதே கோப்பை டாப்ஸ்டாப் 4 என்று வைத்திருப்பவர் திறந்தால் உள்தள்ளலின் முதல் மட்டமும் இரண்டாம் மட்டமும் ஒரே இடத்தில் தொடங்கும். உள்தள்ளலை வைத்தே நிரலைப் புரிந்துகொள்ளும் பைதான் மொழியில், பைதான் 2 டாப்பை 8இன் மடங்காக எடுத்துக்கொண்டு பேசாமல் ஓடியது. பைதான் 3 டாப்எரர் என்று நிறுத்திவிடும். அது நல்லதுதான்.

எக்ஸ்பாண்ட்டாப்பைப் போட்டால் பழைய டாப்கள் மாறும் என்று நினைப்பவர் அதிகம். மாறாது, இனி தட்டுவதற்கு மட்டும்தான் அது. பழையதை மாற்ற ரீடாப் கட்டளை வேண்டும். ஆனால் அது வரித் தொடக்கத்தோடு நிற்காது, மேற்கோளுக்குள் இருக்கும் டாப்பையும் வெற்றிடமாக்கிவிடும். இந்த எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடு. எக்ஸ்பாண்ட்டாப் இயங்கும்போது மேக்ஃபைலில் (மேக் கருவிக்கான கட்டளைக் கோப்பு) ரீடாப் கொடுத்தால் கட்டளை வரிகளின் தலையில் இருக்கவேண்டிய டாப் போய், “மிஸ்ஸிங் செப்பரேட்டர்” என்ற வழுதான் மிஞ்சும். எக்ஸ்பாண்ட்டாப் இயங்கும்போதும் உண்மையான டாப் தேவைப்பட்டால், கன்ட்ரோல்-வி அழுத்திய பின் டாப்.

உள்தள்ளலை ஷிஃப்ட்விட்தின் மடங்கில் நிறுத்தும் ஷிஃப்ட்ரவுண்டுக்கு ஒரு வரி போதும்: ஷிஃப்ட்விட்த் 4 இருக்கையில், 3 இடம் தள்ளிய வரியை நகர்த்தினால் 7க்குப் போகும், ஷிஃப்ட்ரவுண்ட் இருந்தால் 4க்கு.

எந்த அமைப்பு எதை வெல்லும் என்ற வரிசையை நீ தொடவேயில்லை. “நான் 2 போட்டேன், 4 வருகிறதே” என்ற முறைப்பாடு இதனால்தான். விஎஸ் கோட் எடிட்டரில் கோப்பைப் பார்த்து உள்தள்ளலை ஊகிக்கும் அமைப்பு இயல்பாகவே இயங்கும், அது பாவனையாளர் போட்ட எண்ணை மிஞ்சும். உங்கள் எடிட்டரும் ஊகிக்கும் என்றால், ஊகம் எப்போது நடக்கிறது, எப்படி அணைப்பது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடு.

வரிக் கடைசி வெற்றிடத்தைச் சேமிக்கும்போது நீக்கும் வசதிக்கு மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கும் எழுத்துமுறை) கோப்புகளில் விலக்குக் கொடு. அங்கே கடைசி இரண்டு வெற்றிடம் வரி முறிவைக் குறிக்கும்.

உதாரணங்களை அச்சிடும் விதமும் முக்கியம். வெறுமனே ஒட்டினால் எது டாப், எது வெற்றிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. டாப்புக்கு →, வெற்றிடத்துக்கு · என்று குறியிடு. இணையப் பக்கத்தில் சாதாரணப் பத்திக்குள் போட்டால் அடுத்தடுத்த வெற்றிடங்கள் ஒன்றாகச் சுருங்கும். வெற்றிடங்களை அப்படியே காட்டும் ப்ரீ பகுதிக்குள் போட்டாலும் உலாவி டாப் நிறுத்தங்களை 8 இடத்துக்கு ஒன்றாகத்தான் வைக்கும், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் டாப்-சைஸ் கொடுத்தால் ஒழிய. வரிக் கடைசியில் தமிழ்க் குறிப்பு எழுதி வெற்றிடத்தால் நேராக அடுக்கும் ஆசையை விட்டுவிடு மச்சான், நம் எழுத்துக்கள் ஒரே அகலத்துக்குள் அடங்குவதில்லை.

ரீடாப் பகுதியைத் திருத்தியதும் அனுப்பு, டாப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டும் கேட்-ஏ கட்டளையில் ஓடவிட்டு ஒவ்வொரு டாப்பாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
குமரன்