அப்பாவின் முதுகுக் கட்டியை எடுக்கத் துணை நின்றவர்களுக்கு, சென்னிமலையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கமுங்க.

அப்பா மறுபடி தறியில் உட்கார ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் சட்டையைத் தூக்கச் சொல்லித் தழும்பைப் பார்க்கிறார்கள். “இத்துனூண்டு ஓட்டை வழியாவா எடுத்தாங்க?” என்று அதிசயப்படுகிறார்கள். தழும்பு ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அதற்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி பெருந்துறைப் பக்கம் சின்ன கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவருக்கு. அப்பாவின் வலது கால் தறியின் மிதியை அழுத்த மறுத்தது. நடந்தால் செருப்பு தானாகக் கழன்று போனது. போன இடத்திலெல்லாம் “தறிக்காரங்களுக்கு ஜவ்வு விலகறது சகஜம்” என்று மாத்திரையும் இடுப்பு பெல்ட்டும் கொடுத்தார்கள். இடுப்புக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை. இவர்தான் அப்பாவைப் படுக்க வைத்து, வண்டிச் சாவியின் முனையால் உள்ளங்காலின் ஓரத்தில் கீறிப் பார்த்தார். கீழே மடங்க வேண்டிய பெருவிரல் மெல்ல மேலே எழுந்தது. முழங்காலில் தட்டினால் கால் வழக்கத்தைவிட வேகமாக உதறியது. “கோளாறு இடுப்புல இல்லீங்க. அதுக்கு மேல தண்டுவடத்தை என்னமோ அழுத்துது. நடு முதுகுக்கு ஸ்கேன் எடுங்க” என்றார். எடுத்தோம். நெஞ்சுப் பகுதியின் 9, 10-வது முள்ளெலும்புகளுக்கு நேரே, தண்டுவடத்தை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டு கட்டி இருந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது கால் விறைத்து நடை தடுமாறி, இடுப்பு ஸ்கேன் சுத்தமாக வந்தால், மேலேயும் பார்க்க வேண்டுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது கோவையில் அறுவை செய்த டாக்டர் ஐயாவுக்கு. இது ஷ்வானோமா, நரம்பின் உறையில் வளரும் கட்டி, பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது என்று முதலிலேயே சொன்னார். பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வழக்கமான முறையில் நடு முதுகில் நீளமாகக் கீறி, இரண்டு பக்கத் தசையையும் எலும்பிலிருந்து உரித்து, முள்ளெலும்பின் பின்தகட்டை எடுப்பார்களாம். இதில் ஒரு பக்கமாகச் சின்னக் கீறல். மெல்லிய குழாயை இறக்கி, அதன்மேல் இன்னும் பருத்தது, அதன்மேல் இன்னொன்று என்று போட்டுத் தசையை வெட்டாமல் விலக்குவார்கள். கடைசிக் குழாய் வழியாக மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஒரு பக்கத் தகட்டில் மட்டும் கொஞ்சம் எலும்பைச் செதுக்கி உள்ளே போவார்கள். அதுவரை வாயே திறக்காத அப்பா, “பாவுல ஓர் இழை அறுந்தா பக்கத்து இழையை வெட்டியா முடியறோம்? விலக்கித்தானுங்களே” என்றார். (பாவு என்றால் தறியில் நீளவாக்கில் பூட்டும் நூல்.) டாக்டர் சிரித்துவிட்டார்.

ஆனால் அவர் ஆசை காட்டவில்லை. “எல்லாக் கட்டிக்கும் இது ஒத்து வராதுங்க. தண்டுவடத்துக்குள்ளயே வளர்ந்திருந்தாலோ, பல எலும்பு நீளத்துக்கு ஓடியிருந்தாலோ பெரும்பாலும் திறந்துதான் செய்வோம். உங்களுக்கே உள்ள போனப்புறம் தேவைப்பட்டா பெரிசாக்கிருவேன். தண்டுவடம் நோகாம இருக்கணும், கட்டி முழுசா வரணும், தழும்பெல்லாம் அப்புறம்” என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் கையெழுத்துப் போட்டோம்.

தியேட்டருக்குள் இருந்த மற்றவர்களை நாங்கள் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. எக்ஸ்ரேயில் முள்ளெலும்பை எண்ணி எண்ணி இடத்தைக் குறித்தவருக்கு நன்றி. நடு முதுகில் எலும்புகள் ஒன்றுபோலவே இருப்பதால், எண்ணிக்கை ஒன்று தவறினாலும் கட்டியே இல்லாத இடத்தில் போய் நிற்க வேண்டியதுதான். தண்டுவடத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அறிய, தலையில் சின்ன மின்தூண்டல் கொடுத்து, கால் தசையில் அலை வருகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு நன்றி. தசையைத் தளர்த்தும் மருந்து தொடர்ந்து ஓடினால் அந்த அலை மங்கிவிடுமாம். அது இல்லாமலே அப்பாவை அசையாமல் தூங்க வைத்த மயக்க டாக்டர் அம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

தண்டுவடத்தைச் சுற்றிய உறையைத் திறந்து கட்டியை எடுத்தபின், அந்தக் குழாய்க்குள்ளேயே உறையைத் தைத்து மூட வேண்டும். அது பிரிந்தால் உள்ளிருக்கும் நீர் கசியும். அதனால் அப்பாவை மட்டமாகப் படுக்க வைத்திருந்தார்கள். அவரோ நிமிடத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்குகிற ஆள். “அப்பச்சா, தலை தூக்கண்டா” என்று பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் ராத்திரியெல்லாம் அதட்டிய பாலக்காட்டு நர்ஸ் தங்கச்சிக்கு எப்படி நன்றி சொல்ல?

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தோமே தவிர, அட்டை எடுத்து வைத்திருக்கவில்லை. வருமானச் சான்றை இழுத்தடிக்காமல் கொடுத்த வி.ஏ.ஓ. ஐயாவுக்கும், ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் பொறுமையாகப் படிவம் நிரப்பிக் கொடுத்த தம்பிக்கும் நன்றி. பாதியில் நின்ற பெட்ஷீட் பாவை நெய்து முடித்துச் சங்கத்தில் போட்டுவிட்டு, கூலியைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்த பக்கத்துத் தறி மாமாவிடம் நன்றி என்று சொன்னால் திட்டுவார். எழுத்தில் சொல்லிவிடுகிறேன். சிங்காநல்லூர் அத்தை தூக்குப்போசியில் நெய் மணக்க அரிசியும் பருப்பும் ஆக்கிக் கொண்டுவந்தார்கள். உண்மையைச் சொன்னால், முதல் நாள் நோயாளிக்கு வெறும் கஞ்சிதான். அத்தனையும் தின்றது நான்.

வீட்டுக்கு வந்தபின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வந்து போகும் இயன்முறை மருத்துவத் தங்கச்சி, பாவு பூட்டாத தறியிலேயே அப்பாவை உட்கார வைத்து மிதியைப் பழக்கினார். மலைக்கு 1,320 படியும் ஏறியே தீருவேன் என்று அடம்பிடித்தவரை, “மேல வரைக்கும் பஸ் போகுதுங்க, முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு” என்று அடக்கியதும் அவர்தான்.

பயாப்சி முடிவு முதல் தரக் கட்டி, அதாவது புற்றுநோயல்லாத கட்டி என்று வந்திருக்கிறது. கட்டி முளைத்த நரம்பு வேரையும் சேர்த்து எடுத்ததால், வயிற்றின் வலப்பக்கம் பட்டையாக ஒரு மரத்த உணர்வு இருக்கிறது. இருக்கும் என்று டாக்டர் முன்பே சொன்னதுதான். திரும்ப ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு வாங்கிய வாக்கர் இப்போது திண்ணையில் சும்மா நிற்கிறது. ஊரில் யாருக்காவது தேவைப்பட்டால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள், திருப்பித் தர வேண்டியதில்லை.