கூடத்தைப் பூட்டினால் கைப்பழக்கமும் போய்விடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாணவர்களே நடத்தும் சின்ன இசைக்கூடங்களை மூடிவிட்டு நிகழ்ச்சிப் பொறுப்பை வெளி நிறுவனங்களிடம் கொடுத்துவிடலாம் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். பாதுகாப்புதான் அவர் கவலை. அது நியாயமான கவலை, எனக்கும் உண்டு, அதனால்தான் படித்த வேகத்தில் பதில் எழுதாமல் இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். படிக்கிற காலத்தில் அப்படி ஒரு கூடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். சம்பளம் கிடையாது. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, இரண்டு கதவு, 140 பேருக்கு மேல் விடக்கூடாது. பாட்டு கேட்கலாம், பேண்ட்காரர்களோடு பழகலாம் என்றுதான் போனேன்.

முதல் நாள் என்னை மிக்சர் பக்கமே, அதாவது எல்லா மைக், வாத்தியச் சத்தங்களையும் சேர்த்துச் சரிசெய்யும் பலகைப் பக்கமே, விடவில்லை. அப்போது சவுண்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைவிட ஒரு வருடம் மூத்த அக்கா ஒருவர். ஒரு மூட்டை கேபிளைக் கொண்டுவந்து முன்னால் போட்டுச் சுற்றச் சொன்னார். எல்லாரும் செய்வதுபோல உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்ற ஆரம்பித்தேன். “அப்படிச் சுத்தாதப்பா, உள்ள இருக்கிற கம்பி முறுக்கிக்கும், நாலு மாசத்துல செத்துடும்” என்று கையிலிருந்து வாங்கி, ஒரு வளையத்தை நேராகவும் அடுத்ததை மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாகவும் போட்டுக் காட்டினார். அப்படிச் சுற்றிய கேபிளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மீதியை மேடைப் பக்கம் வீசினால் சிக்கே விழாமல் நேராகப் போய் விழும். என் கைக்கு அது வர இரண்டு வாரம் பிடித்தது. இன்றும் வீட்டில் எக்ஸ்டென்ஷன் வயரை அப்படித்தான் சுற்றுகிறேன்.

அப்புறம் மைக். ஒரே மைக்கில் ஒரு மாதத்தில் பத்துப் பேர் வாயை வைத்துப் பாடியிருப்பார்கள். தலையில் இருக்கும் கம்பி வலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் பஞ்சை எடுத்து சோப்புத் தண்ணீரில் அலசி, வலையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். வலை நசுங்கியிருந்தால் உள்ளேயிருந்து ஸ்பூனின் பின்பக்கத்தால் மெல்ல அழுத்தினால் நிமிர்ந்துவிடும். எங்களிடம் இருந்தவை ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58. 1966இல் வந்த வடிவம், இன்றும் மேடைக்கு மேடை அதுதான் நிற்கிறது, அடி தாங்கும். ஆனால் அதையும் யாராவது துடைத்து எடுத்துவைத்தால்தான் மறுநாள் பாடும். இந்த வேலையை ஒரு மாதம் செய்த பிறகுதான் மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரில் கை வைக்க விட்டார்கள்.

மைக் ஏன் ஊளையிடுகிறது என்பதை நான் புரிந்துகொண்டது அங்கேதான். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், அது பெருகி மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, இப்படிச் சுற்றிச் சுற்றி ஏறுவதுதான் அந்த ஊளை. பாடுகிறவர் “எனக்குக் கேக்கல, இன்னும் ஏத்துங்க” என்பார். புதிதாக வந்தவன் உடனே ஏற்றுவான், ஊளை கிளம்பும். ஏற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன: மைக்கை உதட்டருகே கொண்டுவரச் சொல்வது, பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் பின்புறத்துக்கு நேராகத் திருப்பி வைப்பது, ஊளையிடும் அந்த ஒரு ஸ்ருதியை மட்டும், ஒவ்வொரு ஸ்ருதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் கொஞ்சம் குறைப்பது. சாயங்காலம் காலி அறையில் சவுண்ட் செக் செய்யும்போது சுவரெல்லாம் எதிரொலிக்கும், ராத்திரி ஆட்கள் நிறைந்ததும் உடம்பும் துணியும் உயர்ந்த ஸ்ருதி ஒலிகளை உறிஞ்சிவிட அதே அறை மந்தமாகிவிடும். சாயங்காலம் சரியாக வைத்ததை நம்பி உட்கார முடியாது. முதல் இரண்டு பாட்டுக்குள் காதை வைத்துத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். என் நான்காவது நிகழ்ச்சியில், பாட்டுக்கு நடுவில் கிட்டார் கேபிள் ஒன்று கரகரவென்று சத்தம் போட்டது. நான் பதற்றத்தில் மிக்சரில் அந்தக் கேபிளுக்குரிய சேனலை மியூட் செய்யாமலே கேபிளைப் பிடுங்கிவிட்டேன். வெடி வெடித்ததுபோல ஸ்பீக்கரில் ஒரு சத்தம். முன்வரிசையில் நின்ற ஒரு பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குப் பிறகு மியூட் போடாமல் எந்தக் கேபிளையும் தொட்டதில்லை.

சரி, பாதுகாப்புக்கு வருகிறேன். 1972 மே 3ஆம் தேதி, ஸ்டோன் த க்ரோஸ் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். கிட்டார் ஒரு ஆம்ப்பில் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி), மைக் வேறொரு மிக்சரில், இரண்டில் ஒன்றின் எர்த் போய்விட்டால் கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைத்திருக்கும் மனிதரின் உடம்பு வழியாக மின்சாரம் பாயலாம். இதைச் சொல்லித்தான் அக்கா எனக்கு மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் கிட்டார் கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவே வோல்ட் பார்ப்போம். இரண்டு தடவை காட்டியது. இரண்டு தடவையும் அந்த ஆம்ப்பை மேடையிலிருந்து இறக்கிவிட்டோம், பேண்ட் கோபப்பட்டாலும்.

கதவும் அப்படித்தான். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘த ஸ்டேஷன்’ என்ற இரவு விடுதியில் தீப்பிடித்து 100 பேர் இறந்தார்கள். மேடையில் கொளுத்திய மத்தாப்பு, சத்தத்தை அடக்க மேடையைச் சுற்றி ஒட்டியிருந்த ஃபோமில் பற்றிக்கொண்டது. வேறு வழிகள் இருந்தும் கூட்டம் தான் உள்ளே வந்த வாசலையே நோக்கி ஓடி, அங்கே நெரிந்தது. இது மாணவர்கள் நடத்திய இடம் இல்லை, தொழிலாக நடத்தப்பட்ட விடுதி. யார் நடத்துகிறார்கள் என்பதைவிட, அன்றைக்குக் கதவருகே நிற்கிறவர் கதவைத் தள்ளிப் பார்த்தாரா, ஆட்களை எண்ணினாரா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாங்கள் எண்ணினோம். கையில் எண்ணும் கருவியோடு ஒருவர் வாசலில் நிற்பார், 140 ஆனால் அத்தோடு நிறுத்திவிடுவோம். என் அறைத்தோழனையே ஒரு நாள் வெளியில் நிறுத்தினேன், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. திறப்பதற்கு முன்னால் இரண்டு கதவையும் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சுவரில் முட்டை அட்டை ஒட்டலாம், சத்தம் வெளியே போகாது என்று யாராவது வருடா வருடம் யோசனை சொல்வார்கள். முட்டை அட்டை சத்தத்தைத் தடுக்காது, தீயை மட்டும் நன்றாகப் பிடிக்கும்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரிவதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதற்குமேல் மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்குப் போனால் கால் மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை நடக்கும் இடங்களுக்கென்று வெளியிட்ட நெறியில், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. சின்ன அறையில் டிரம்ஸே மைக் இல்லாமல் அதை நெருங்கிவிடும். அதனால் சத்தம் அளக்கும் மீட்டரை மிக்சர் பக்கத்தில் வைத்துக்கொள்வோம், வாசலில் ஒரு டப்பாவில் காதடைப்பான்கள் இலவசமாக இருக்கும், வேலை பார்க்கிறவர்கள் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். மேல் மாடியில் படிப்பவர்களிடமிருந்து புகார் வந்தால் அது பெரும்பாலும் பேஸ் சத்தம்தான், தாழ்ந்த ஸ்ருதியில் அதிரும் ஒலி. சுவர் பாட்டைத் தடுத்துவிடும், பேஸைத் தடுக்காது. அதைக் குறைத்தோம். புகாரும் குறைந்தது.

இதையெல்லாம் எழுதக் காரணம், இது எதுவும் எந்தப் பாடத்திலும் இல்லை. மாணவர் கூடத்தில் வருடா வருடம் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர் புதிதாக வருகிறவரின் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக் காட்டினால்தான் வேலை கைமாறும். எங்களிடம் நீளமான ஒரு கணக்கு நோட்டு இருந்தது, எனக்கு முன்னால் ஆறேழு பேர் எழுதியது. “மூணாம் சேனல் எப்பவாவது கட் ஆகும், ஜாக்கை லேசா திருப்பு.” “பின்கதவு மழைக்கு உப்பும், சாயங்காலமே தள்ளிப் பார்.” எழுதியவர்களில் பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் அவர்கள் எழுதியதைப் பார்த்துத்தான் வேலை செய்தேன்.

எங்கள் கூடம் பூட்டப்பட்டு இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. விபத்து எதுவும் நடக்கவில்லை. நடந்துவிடுமோ என்ற பயம்தான். பதிலாக வருடத்தில் ஒரு நாள் வெளி நிறுவனம் வந்து பெரிய மேடை போட்டு நடத்திவிட்டுப் போகிறது. அவர்கள் வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், சுத்தமாகச் செய்கிறார்கள். ஆனால் மாணவர்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இருபது பேர் முன்னால் நடுங்கிக்கொண்டே முதல் தடவை பாட ஒரு பெண்ணுக்கு அங்கே இடமில்லை. எங்கள் கூடத்தில் அப்படிப் பாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பாட்டில் கண்ணைத் திறந்துவிடுவார்கள்.

பெரிய கலைஞர்களும் இந்த மாதிரி இடங்களைத் தேடி வந்திருக்கிறார்கள். 1970 பிப்ரவரி 14 அன்று த ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழு இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்ததுதான் அவர்களுடைய புகழ்பெற்ற நேரடிப் பதிவு. 1972 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி தன் புதுக் குழு விங்ஸோடு ஒரு வேனில் கிளம்பி, முன்பதிவு எதுவும் இல்லாமல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கத்துக்குப் போய் இங்கே வாசிக்கலாமா என்று கேட்டார். விங்ஸின் முதல் நிகழ்ச்சி அங்கேதான் நடந்தது. கேட்டவுடன் சரி என்று சொல்ல அங்கே ஒரு கூடமும் அதை நடத்தத் தெரிந்த மாணவர்களும் இருந்திருக்கிறார்கள்.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். மேற்பார்வைக்கு ஒரு ஆசிரியரைப் போடுங்கள், மின்சாரம் தெரிந்தவரை வைத்து வருடத்துக்கு இரண்டு தடவை சோதனை செய்யுங்கள், ஆள் எண்ணிக்கையை 100ஆகக் குறைத்தாலும் சரி, ஆனால் இந்தப் பருவத்துக்குள் கூடத்தைத் திறந்துவிடுங்கள். மிக்சரில் நின்று பழகிய மாணவர்கள் அங்கே இன்னும் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள், இருவரும் இறுதியாண்டு. அந்தக் கணக்கு நோட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் மாணவன் ஒருவன்