காசு வந்து சேர்ந்தது, மகன்

கல்லடி,
ஐப்பசி, 2025

அன்பு மகன்,

நீ அனுப்பிய காசு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை அக்கா வங்கிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பேரனால் போனது 74,300 ரூபா என்றுதான் அவள் உனக்குச் சொன்னாளாம். நீ ஒன்றரை இலட்சம் அனுப்பியிருக்கிறாய், யாரும் கேட்காமலே. அம்மா அப்போதே மாமாங்கேஸ்வரருக்கு அர்ச்சனை செய்ய வேண்டும் என்று எழும்பிவிட்டாள். எனக்கு மட்டும் நெஞ்சு கனத்தது. ஞாயிறு பின்னேரமென்றால் தவறாமல் எனக்கு எடுக்கிறவன் நீ. அக்கா உனக்கு விடயத்தைச் சொன்ன பிறகு மூன்று ஞாயிறு போய்விட்டது.

வேலை கூடியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ. சிறு வயதிலேயே உனக்குக் காதால்தான் காய்ச்சல் வரும்.

இங்கே மழை இறங்கிவிட்டது. கிணறு கட்டு மட்டத்துக்கு வந்திருக்கிறது. வாவி நிறைகிறது, இப்படியே பெய்தால் முகத்துவாரம் வெட்ட வேண்டி வரும் என்கிறார்கள். தெற்குப் பக்கத்துத் தென்னையைப் பெரியவர் சொன்னபடி தறித்துவிட்டோம். கிணற்றடி மாமி உன்னைக் கேட்டாள். இவையெல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எதை எழுதினாலும் நினைப்பு பேரனிடமே திரும்பிப் போகிறது.

அக்கா உனக்கு எவ்வளவு சொன்னாளோ தெரியாது. கண்டது நான். இரவு ஒரு மணி இருக்கும். எழும்பி விறாந்தைக்கு வந்தபோது அவனுடைய நுளம்பு வலைக்குள் வெளிச்சம் தெரிந்தது. வலையைத் தூக்கினேன். அவன் என்னைக் கவனிக்கவில்லை. அக்காவின் தொலைபேசியில் ஒரு விளையாட்டு, அதற்குள் காசு கட்டித் திறக்கிற ஒரு பெட்டி. தொட்டவுடன் அது திறக்கவில்லை. முதலில் ஆடியது. மூடியின் இடுக்கால் நீலமாக ஒளி கசிந்தது, பிறகு ஊதா, பிறகு பொன்னிறம் வருவது போல வந்து மறுபடியும் ஊதாவில் நின்றது. உள்ளே ஒரு வாளோ கத்தியோ இருந்தது. மகன், அந்த வாளை அவன் பார்க்கவே இல்லை. பெட்டி ஆடும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை, வாள் வந்தவுடன் விரலை அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டான். ஒரு தடவைக்கு 590 ரூபா. தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பியவன் சொன்ன முதல் வார்த்தை, "அடுத்ததில் வரும் அம்மப்பா."

வங்கி அட்டையின் இலக்கம் தொலைபேசியிலேயே பதிந்து கிடந்ததாம். இரண்டு மாதமாகச் சிறிது சிறிதாகப் போயிருக்கிறது. கூரை போட அத்தான் கட்டாரிலிருந்து அனுப்பிய காசு. அத்தானுக்கு இன்னும் தெரியாது. அக்கா விளக்குமாற்றை எடுத்தாள். நான்தான் இடையில் போய் நின்றேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை.

அந்த வெளிச்சத்தை நான் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். நீ ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வந்து நின்றபோது, இதே விறாந்தையில் உன் கணினியைத் திறந்து எனக்குக் காட்டினாய். "பெட்டி திறப்பதற்கு முன்னால் எத்தனை விநாடி தாமதிக்க வேண்டும் என்றுதான் அப்பா ஒரு மாதமாகப் பார்க்கிறோம். கூடினாலும் சரிவராது, குறைந்தாலும் சரிவராது" என்றாய். எனக்கு என்ன பெருமை! மொறட்டுவையில் படித்த என் பிள்ளை லண்டனில் இருந்துகொண்டு உலகம் முழுவதும் விளையாடுகிற விளையாட்டுக்கு ஒளி கொடுக்கிறான் என்று நூலகத்தில் பேப்பர் வாசிக்க வருகிற எல்லோரிடமும் சொன்னேன். அந்தத் தாமதம் எதற்கு என்று உன்னிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பேரன் விளையாடியது உங்கள் கம்பனியின் விளையாட்டு அல்ல, வேறு யாருடையதோ என்கிறாள் அக்கா. அப்படியே இருக்கட்டும்.

உனக்குத் தெரியும், எனக்கு ஒன்று மனதில் விழுந்தால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் தூக்கம் வராது. நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக 31 வருடம் இருந்த பழக்கம். 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எத்தனை வழக்கு என் கையால் பதிந்திருக்கிறேன்! புளியமரத்தடியில் கடதாசி விளையாடிய ஐந்து பேர், ஒரு பாய், ஒரு கட்டுக் கடதாசி, சில்லறையாக 212 ரூபா. பாயையும் சான்றுப்பொருளாகக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அந்தச் சட்டம் இடத்தைப் பார்த்தது. வீதியோரமா, சாராயக் கடையா, சூதுக்கென்றே நடத்தும் வீடா என்று கேட்டது. நுளம்பு வலைக்குள் இருக்கும் பிள்ளையை 1889இல் யார் நினைத்திருப்பார்கள்? 2025இல் நமது நாடாளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபை அமைக்கும் சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது. ஆனால் 590 ரூபாவுக்குப் பெட்டி விற்றவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்றே எங்களுக்குத் தெரியாது. யாருக்கு அழைப்பாணை அனுப்புவது?

பழைய சட்டத்தரணி ஐயாவிடம் போனேன். அவர் தன் மகளைக்கொண்டு வெளிநாட்டு விடயங்களை அச்சடித்துத் தந்தார். மூன்று இரவு வாசித்தேன். நீ இருக்கும் நாட்டின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், வெல்கிற பொருள் பணமாகவோ பணப்பெறுமதி உள்ளதாகவோ இருக்க வேண்டும் என்கிறது. பெட்டியில் வரும் வாளை முறைப்படி வெளியே விற்க முடியாது. ஆகவே அது பரிசு அல்ல. பரிசு இல்லாவிட்டால் சூதும் இல்லை. 2019இல் அங்கே நாடாளுமன்றக் குழு முன்னால் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டுக் கம்பனியின் சார்பில் வந்தவர் இந்தப் பெட்டிகளை வியப்பூட்டும் பொறிமுறைகள் என்றாராம். குழு அதை ஏற்கவில்லை, பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்றது. ஆனால் 2022 ஜூலையில் அரசாங்கம் சட்டத்தைத் திருத்தப்போவதில்லை, கம்பனிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

ஒல்லாந்தில் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. பீபா உதைபந்தாட்ட விளையாட்டில் வீரர்களை மூடிய பொதிகளில் வைத்து விற்றதற்கு அதே கம்பனிக்கு ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தார்கள். 2020இல் கீழ் நீதிமன்றம் அது சரி என்றது. 2022 மார்ச்சில் மேல் மன்றம் நீக்கிவிட்டது. பொதி தனி விளையாட்டு அல்ல, உதைபந்தாட்டத்தின் ஒரு பகுதி, அந்த ஆட்டமோ திறமையால் ஆடுவது என்பது காரணம். தீர்ப்பின் தர்க்கம் எனக்கு விளங்குகிறது, மனம்தான் ஒப்பவில்லை. தேர்த் திருவிழாவுக்குள் ஒருவன் தாயக்கட்டை உருட்டினால் அது திருவிழாவின் பகுதி ஆகிவிடுமா? பெல்ஜியம் அப்படிப் பார்க்கவில்லை. காசு கட்டுகிறாயா, அதிர்ஷ்டத்தால் வெற்றியோ தோல்வியோ வருகிறதா, அப்படியென்றால் அது சூது என்று 2018 ஏப்ரலில் அங்குள்ள ஆணைக்குழு முடிவு செய்தது. அடுத்த வருடம் ஜனவரியில் அந்தக் கம்பனி பெல்ஜியத்தில் விற்பனையை நிறுத்தியது. சீனாவில் 2017இலிருந்து பெட்டியில் எது எத்தனை வீதம் வரும் என்று வெளிப்படையாகப் போட வேண்டும், கொரியாவிலும் 2024இலிருந்து அப்படித்தான். வீதத்தைப் போட்டால் நீ வாசிப்பாய். பேரன் வாசிப்பானா?

இதையெல்லாம் உனக்கு எழுதுவது கிணற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். என்னைவிட உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்கும் என்பதுதான் என் கவலை.

கோபப்படாதே. நீ உழைத்த காசில்தான் அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நடந்தது. அக்காவின் வீட்டுக்கு நிலம் போட்டது உன் காசு. கொழும்பில் அறை வாடகைக்குக் காசு இல்லாமல் பாணும் சம்பலும் சாப்பிட்டுப் படித்தவன் நீ. உன்னைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. ஆனால் அம்மாவோடு கதைக்க முடிகிறது, அக்காவோடு கதைக்க முடிகிறது, காசு அனுப்ப முடிகிறது, அப்பா தொலைபேசியை வாங்கினால் மட்டும் "பிறகு எடுக்கிறேன்" என்கிறாயே, அது ஏன்? வயது நாற்பது ஆனாலும் எனக்கு உன் குரல் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் கண் விழித்து வேலை செய்யாதே.

மகன், நான் வந்த இடத்தை விட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். எழுதவேண்டியது வேறு.

1999இல் உன் சைக்கிள் களவு போகவில்லை.

நீ ஒன்பதாம் ஆண்டு. புலமைப்பரிசில் எடுத்ததற்கு மாமா வாங்கித் தந்த லுமாலா. டியூட்டரி வாசலில் நிறுத்தியிருந்தாய். "பூட்டினேன் அப்பா, பூட்டினேன்" என்று நீ அழ அழ நான் பூவரசங் கம்பால் அடித்தேன். கெண்டைக்காலில் தழும்பு மறைந்ததோ தெரியாது. நீ பூட்டித்தான் இருந்தாய். அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. மற்றது என் மேசை லாச்சிக்குள் இருந்தது. நான்தான் வந்து திறந்து, ஏறாவூருக்கு மிதித்துக்கொண்டு போய் 3,500 ரூபாவுக்கு விற்றேன்.

வேலை முடிந்து வரும்போது நகரத்தில் குதிரைப் பந்தயம் கட்டுகிற கடைக்கு நான் போய்வந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அது அனுமதிப்பத்திரம் உள்ள கடை. காலையில் மரத்தடிக்காரருக்குத் தண்டம் எழுதுவேன். மாலையில் அந்தக் கடையின் வாங்கில் உட்கார்ந்து, நான் ஒருநாளும் காணாத இங்கிலாந்து மைதானத்தில் ஓடும் குதிரைக்குத் துண்டு எழுதுவேன். சட்டம் என்னைத் தொடாது என்பதால் நான் செய்வது வேறு என்று நம்பினேன். என் குதிரை கடைசியாக வந்தால் எழும்பி வீட்டுக்கு வந்துவிடுவேன். இரண்டாவதாக வந்த நாட்களில்தான் அங்கேயே இருந்தேன். ஒரு தலை அளவில் போய்விட்டதே, அடுத்ததில் வரும் என்று. அந்த மாதம் நீதிமன்றத் தண்டப்பணத்தில் 3,500 எடுத்திருந்தேன். திங்கட்கிழமை கணக்கு ஒப்படைக்க வேண்டும். உன் சைக்கிளைத் தவிர அவ்வளவு விரைவாக விற்கக்கூடியது வீட்டில் வேறொன்றும் இருக்கவில்லை.

அதோடு நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசை. இல்லை, மேலும் ஏழு மாதம் போனேன். நீ அந்த ஏழு மாதமும் பாலத்தால் நடந்து பள்ளிக்கூடம் போனாய்.

நுளம்பு வலைக்குள் பேரன் அந்த வார்த்தையைச் சொன்னபோது என் கால் நடுங்கியது. அக்கா விளக்குமாற்றோடு வந்தபோது அவனுக்காகத்தான் இடையில் நின்றேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பந்தயக் கடையின் வாங்கை யார் செய்தார்கள், கரும்பலகையில் குதிரைப் பெயரை அழகாக எழுதியது யார் என்று அந்நாளில் நான் நினைத்ததே இல்லை. அவர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்தான், வீட்டுக்குக் காசு அனுப்பியிருப்பார்கள். இப்போது நினைக்கிறேன்.

அக்கா 74,300ஐ எடுத்துக்கொண்டாள். மிச்சம் 75,700 ரூபாவை நான் தொடவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்கு எடுத்தபோது போனஸ் கிடைத்ததென்று சொன்னாயே, இது அந்தக் காசா? அந்தப் பெட்டிகளின் காசா? எனக்குத் தெரியவேண்டும். வேலையை விடு என்று இந்தக் கடிதத்தில் நான் சொல்லமாட்டேன், அதைச் சொல்லும் வாய் எனக்கில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சைக்கிள் விடயம் தெரியாது. இதை ஒட்டுமுன் அவளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன்.

நீ என்னோடு கதைக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை எடு. பேரனைக் கேள். மாமா கோபித்துக்கொண்டுதான் எடுக்கவில்லை என்று நினைத்து, மூன்று கிழமையாகத் தொலைபேசி அடித்தால் கிணற்றடிக்குப் போய்விடுகிறான்.

அன்புடன்,
அப்பா