தமிழில் இருப்பது சுருக்கம் மட்டும்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

குவாரி, அனல்மின் நிலையம் போன்ற திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு, 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஆனால் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் தமிழில் கிடைப்பது சில பக்கச் சுருக்கம் மட்டுமே. கிணற்று நீர்மட்டம், தூசி, வெடி அதிர்வு பற்றிய கணக்கெல்லாம் ஆங்கில முழு அறிக்கையின் 3, 4-ஆம் அத்தியாயங்களில் இருக்கிறது. நிறுவனம் செய்வதாக ஒப்புக்கொள்ளும் வேலைகள் 10-ஆம் அத்தியாயத்தில். இந்த மூன்று அத்தியாயங்களையாவது தமிழில் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். 2006 அறிவிக்கைக்குப் பதிலாக முன்வைக்கப்பட்ட 2020 வரைவு அறிவிக்கையையே 22 மொழிகளில் வெளியிட தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே!

கூட்டத்துக்குப் போகிறவர்கள் முதலில் கிணறு, கண்மாய், பள்ளிக்கூடம் எல்லாம் அறிக்கையின் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல அறிக்கைகள் கோட்டை விடுவது இங்கேதான். விடுபட்டதைச் சர்வே எண்ணோடு எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சு பதிவில் இரண்டு வரியாகச் சுருங்கிவிடும். எழுத்து அப்படியே கோப்பில் நிற்கும். முடிவில் கூட்டத்தில் பேசியவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்தே ஆக வேண்டும். அதுவரை கலையாதீர்கள், தவறிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

காது கேளாதோருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் ஆகியவற்றை மாவட்ட நிர்வாகமே ஏற்பாடு செய்ய வேண்டும். அவர்களும் அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.