ராகவனுக்கு, நீளமான சொற்களைப் பற்றி

அன்புள்ள ராகவா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தங்கை புதிய வேலையில் சேர்ந்துவிட்டாள். இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று நீ திட்டத் தொடங்குவதற்குள், சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வாரம் உன் மகள் யாழினி தொலைபேசியில் அழைத்து, ஸ்பெல்லிங் போட்டிக்காக மனப்பாடம் செய்திருக்கும் சொற்களை ஒவ்வொன்றாக ஒப்பித்துக் காட்டினாள். கடைசியாக, ஆங்கிலத்தின் பெரிய அகராதிகளில் இடம்பெற்றவற்றிலேயே மிக நீளமான 45 எழுத்துச் சொல்லை, ஓரெழுத்தும் பிசகாமல், ஒரே மூச்சில் கூட்டினாள். நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்படியென்றால் என்னம்மா?" என்று கேட்டேன். "ஏதோ ஒரு வியாதி மாமா. அர்த்தமெல்லாம் தேவையில்லை, எழுத்து சரியாக வந்தால் போதும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்" என்றாள். அந்தப் பதில் அன்றிலிருந்து என் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஏதோ ஒரு வியாதி அல்ல, ராகவா. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார். நியூமோனோ என்பது நுரையீரல். அல்ட்ராமைக்ராஸ்கோபிக் என்பது சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாத நுண்மை. சிலிக்கோ என்பது மணலிலும் பாறையிலும் உள்ள சிலிக்கா. வால்கேனோ என்பது எரிமலை. கோனி என்பது தூசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஓசிஸ் என்பது நோய் நிலை. மிக நுண்ணிய சிலிக்காத் தூசியைச் சுவாசிப்பதால் நுரையீரலில் உண்டாகும் நோய் என்பதுதான் பொருள். இந்தச் சொல்லை எந்த மருத்துவரும் உருவாக்கவில்லை. 1935-இல், அமெரிக்காவில் புதிர் ஆர்வலர்கள் நடத்திவந்த தேசிய சங்கத்தின் கூட்டத்தில், அதன் தலைவர் எவரெட் ஸ்மித் மிக நீளமான சொல் ஒன்று வேண்டுமென்றே கட்டியமைத்தது இது. அடுத்த சில ஆண்டுகளில் அகராதிக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே இதைச் செயற்கையாகப் புனையப்பட்ட சொல் என்றுதான் குறிக்கிறது. மருத்துவர்கள் சொல்லும் பெயர் சிலிக்கோசிஸ். எரிமலை அதில் வெறும் அலங்காரம். அந்த நோய் வர எரிமலை வேண்டியதில்லை, ஒரு கல்லுடைக்கும் இயந்திரமே போதும்.

இந்த இடத்தில் உனக்குக் கல்லுடைக்கும் வேலை செய்த வேலு அண்ணன் நினைவு வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்குவார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் கவிழ்ந்தபடியே இரவைக் கழிப்பார். முதலில் காசநோய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சிலிக்கோசிஸைக் காசநோய் என்று மயங்குவதும், சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றுவதும் எங்கும் நடப்பவை. அவர் உடைத்த கல்லின் தூசிதான் அவருடைய நுரையீரலைத் தழும்பாக்கியது. அந்தத் தழும்பை ஆற்றும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் துளையிடும்போது தண்ணீர் விடுவதும், காற்றோட்டம் அமைப்பதும், தகுந்த முகக்கவசம் கொடுப்பதும் நோயை வராமலே தடுத்துவிடும். அதைச் செய்யாததால்தான் மனிதர்கள் சாகிறார்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1930-இல் தொடங்கிய ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப் பணியில், சிலிக்கா நிறைந்த பாறையைப் போதிய பாதுகாப்பின்றிக் குடைந்து, பல நூறு தொழிலாளர்கள் இந்த நோயால் இறந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பினத்தவர். 1936-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று அதை விசாரித்தது. புதிர் ஆர்வலர்கள் அந்த 45 எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தபோது, அதே நாட்டில் மனிதர்கள் அந்த நோயால் உண்மையாகவே செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை அந்தச் சொல்லை ஒரே மூச்சில் கூட்டுகிறாள் என்றால், மூச்சு என்பது யாருக்கு எட்டாமல் போனது என்பதையும் அவள் அறிந்திருக்க வேண்டாமா?

போட்டி முடிந்ததும் மறந்துபோகும் சொற்களால் யாருக்கு என்ன பயன் என்று உன் கடிதத்தில் கேட்டிருந்தாய். பொருள் தெரியாத சொல் மறந்துதான் போகும். கல்லூரியில் ஆன்ட்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம் என்ற 28 எழுத்துச் சொல்லைச் சொல்லி முதலாமாண்டு மாணவர்களை நீ மிரட்டியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதன் பொருளை இப்போது கேட்டால் சொல்வாயா? இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசு கொடுத்திருந்த தனித்தகுதியை நீக்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஒரு சாரார் வாதிட்டனர். நீக்கக் கூடாது என்று அவர்களை எதிர்த்தோரின் கொள்கைக்குத்தான் அந்தப் பெயர். அயர்லாந்தில் 1871-இலும், வேல்ஸில் 1920-இலும் அந்தத் தகுதி நீக்கப்பட்டது; இங்கிலாந்தில் இன்றுவரை நீக்கப்படவில்லை. இவ்வளவு வரலாறும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

நீ விரும்பக்கூடிய சொல் ஒன்று உண்டு: ஃப்ளோக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன், 29 எழுத்துகள். ஒன்றைப் பயனற்றதென்று மதிப்பிடுவது என்பது அதன் பொருள். லத்தீனில் ஒன்றைச் சற்றும் மதிக்கவில்லை என்று சொல்ல நான்கு சொற்கள் இருந்தன: கம்பளி இழை, அற்பப் பொருள், ஒன்றுமில்லாதது, மயிர். இங்கிலாந்தில் பள்ளி மாணவர்கள் லத்தீன் இலக்கணப் பாடத்தில் அவற்றைச் சேர்த்தே படித்தார்கள். அந்த நான்கையும் யாரோ ஒரே சொல்லாக முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நாமும் துரும்பாக மதிக்கிறோம், தூசுக்குச் சமம் என்கிறோம், மயிரளவும் மதிக்கவில்லை என்கிறோம். அவர்களும் நம்மைப்போல் மிக அற்பமான பொருள்களையே தேடியிருக்கிறார்கள். 1741-இல் வில்லியம் ஷென்ஸ்டோன் என்ற கவிஞர் தாம் எழுதிய கடிதம் ஒன்றில், ஒருவரிடம் தமக்கு மிகவும் பிடித்தது அவர் பணத்தை மதிக்காததுதான் என்று சொல்ல இதைப் பயன்படுத்தினார். கடிதத்தில் எழுதத்தக்க சொல் என்பதால் உனக்கும் எழுதிவிட்டேன்.

நீளத்தை மட்டும் பார்த்தால் இன்னும் எத்தனையோ சொற்கள் உண்டு. புரதங்களின் முழு வேதியியல் பெயர்கள் பக்கம் பக்கமாக நீளும். அவற்றை யாரும் எழுதுவதில்லை, எனக்கு அவற்றில் ஆர்வமும் இல்லை. என்னை ஈர்ப்பவை நீளம் சற்றுக் குறைந்தாலும் ஒரு கதையைத் தாங்கி நிற்பவை. பண்டைய கிரேக்க ஓவியர் அப்பெல்லஸ் வரைந்த படத்தில் செருப்பு பிழையாக இருப்பதாக ஒரு செருப்புத் தைப்பவர் சொன்னார்; ஓவியர் திருத்தினார். அந்த ஊக்கத்தில் அடுத்த நாள் செருப்புத் தைப்பவர் படத்திலிருந்த காலின் வடிவத்தையும் குறைகூற, செருப்புக்கு மேலே போகாதே என்று ஓவியர் தடுத்துவிட்டாராம். ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த இந்தக் கதையிலிருந்து, தனக்குத் தெரியாத துறையில் கருத்துச் சொல்பவர் என்ற பொருளில் அல்ட்ராக்ரெபிடேரியன் என்ற சொல் பிறந்தது. 1819-இல் வில்லியம் ஹாஸ்லிட் ஒரு பத்திரிகை ஆசிரியரைச் சாட அதைக் கையாண்டார். நம் நண்பர் பரமுவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே; மறுநாளே நம் எல்லோருக்கும் அந்தப் பட்டத்தைச் சூட்டிவிடுவார்.

வகுப்பில் சொன்னதுதான் சரி என்று நீ இன்னும் நினைத்தால், இதையும் கேள். 1934-இல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் டோர்ட் என்றொரு சொல் அடர்த்தி என்ற பொருளோடு அச்சாகியிருந்தது. உண்மையில் அப்படியொரு சொல்லே கிடையாது. அடர்த்தியைக் குறிக்க டி என்ற எழுத்தைப் பெரிய வடிவிலோ சிறிய வடிவிலோ எழுதலாம் என்பதற்காக, அகராதியின் வேதியியல் பதிப்பாசிரியர் "D or d" என்று எழுதிய குறிப்புச் சீட்டை, இடையில் யாரோ ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939-இல்தான் அகராதியின் பதிப்பாசிரியர் ஒருவர், இந்தப் பதிவுக்குச் சொற்பிறப்புக் குறிப்பே இல்லையே என்று கவனித்துத் தேடிப் பிடித்தார். எழுத்துகள் சரியாகத்தான் இருந்தன, ராகவா. எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்ட பிறகுதான் அது சொல்லே அல்ல என்று தெரிந்தது.

போட்டிக்கும் இது உதவும். அமெரிக்காவில் 1925-இல் தொடங்கிய தேசிய ஸ்பெல்லிங் போட்டியில், மேடையில் நிற்கும் குழந்தை சொல்லின் பொருளையும், அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதையும் சொல்லை உச்சரித்துக் காட்டுபவரிடம் கேட்கலாம். கிரேக்கம் என்று பதில் வந்தால், ஃப ஒலிக்குப் பெரும்பாலும் பி, ஹெச் என்ற இரண்டு எழுத்துகளும், பல இடங்களில் க ஒலிக்கு சி, ஹெச் என்ற இரண்டும் வரும் என்று வேர் தெரிந்த குழந்தை ஊகித்துக்கொள்வாள். பட்டியலை மட்டும் உருப்போட்டவளுக்குப் பட்டியலில் இல்லாத முதல் சொல்லிலேயே கைகால் உதறும்.

ஆகவே உன்னிடம் நான் கேட்பது இரண்டு. வகுப்பு நடத்துபவரிடம் பேசி, தினமும் சொற்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொன்றின் பொருளையும் வேரையும் சேர்த்துச் சொல்லித்தரச் சொல். முடியாது என்றால் யாழினி மாலையில் என்னை அழைக்கட்டும். கிரேக்க, லத்தீன் வேர்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இரண்டாவது, அந்த 45 எழுத்துச் சொல்லை நீயே அவளுக்கு விளக்க வேண்டும். வேலு அண்ணனை மருத்துவமனைக்கு அழைத்துப்போனவன் நீ. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து மருத்துவர் காட்டியபோது பக்கத்தில் நின்றவனும் நீ. நான் சொன்னால் அது கேள்விப்பட்டதாகத்தான் இருக்கும்.

போட்டி எந்தத் தேதி என்று மறக்காமல் எழுது. மாலதிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
மணி